எண்பதாயிரம், அன்றைய விலையில்

அந்தச் சனிக்கிழமை காலை எல்லையில் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு இருபத்து நாலு உகாண்டா ஷில்லிங் கேட்டார்கள். அக்கா கொடுத்து வாங்கினாள். கையில் இருந்த அத்தனைக்கும் வாங்கினாள். வழக்கமாக வாங்கியதை மதியத்துக்குள் விற்றுவிடுவாள். அன்று விற்கவில்லை. பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், நாற்காலியை மடக்கினாள், வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மதியம் அவளுடைய புகுந்த வீட்டார் வருவதாக இருந்தது. பரிசத்தைத் திரும்ப வாங்கிப் போவதற்கு.

அக்கா பெயர் அபொலோட். புசியாவில் எல்லைக்கு அந்தப் பக்கம், கென்யாவில் இருக்கிற ஒமூசேக்கு அவளை 2018-ல் கட்டிக் கொடுத்தோம். நாலு மாடு, எண்பதாயிரம் கென்ய ஷில்லிங். அந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள்தான், ஒரே பேச்சு, ஒரே களி. பணம் மட்டும் வேறு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒமூசே நகுருவிலிருந்து இன்னொருத்தியைக் கூட்டி வந்தான். அக்கா ஒரு பையும் பிள்ளையுமாகத் திரும்பி வந்தாள். காரணம் கேட்ட அத்தைகளிடம், "அங்க கட்டில் ஒண்ணுதான் இருக்கு, ஆள் மூணு பேராயிட்டோம்," என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தையல் மிஷினை விற்று அந்தக் காசில் பணம் மாற்ற உட்கார்ந்தாள். எல்லையில் அந்த வேலை செய்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாவது மாதம் அவளிடம் ரேட்டு கேட்டார்கள்.

பெண் புருஷனை விட்டு வந்தால் பரிசம் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் அவள் இன்னும் அவர்கள் வீட்டுப் பெண்தான், பிள்ளையும் அவர்களுடையது. மாடுகள் டிசம்பரிலேயே போய்விட்டன. ஒன்று இங்கே வந்து கன்று போட்டிருந்தது, கன்றையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள். பாக்கி பணம். ஒமூசேயின் பெரியப்பா எமோஜோங் ஆள் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை பணம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அக்கா பிள்ளை அலுபோ தங்கள் வீட்டில் இருப்பாள் என்று.

அலுபோவுக்கு ஐந்து வயது. வந்தவரிடம், அங்கே நாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள்.

நான் நகரக் குடிநீர் நிலையத்தில் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று பார்த்து எழுதுவேன். அதிகம் பேச வேண்டியதில்லாத வேலை. அன்று விடுப்பு எடுத்திருந்தேன். அக்கா வந்ததும் பையைத் தொட்டுக் காட்டி, "இதுல எண்பது இருக்கு. அப்பாகிட்ட சொல்லாத," என்றாள்.

"ஏன்?"

"சொன்னா முதல்லயே எடுத்து நீட்டிடுவாரு. அவங்க எண்பதோட போக மாட்டாங்க, பாரு."

அவளுடைய வியாபார முதல் அத்தனையும் அதுதான். அது போனால் திங்கட்கிழமை எல்லையில் வெறும் நாற்காலிதான். நான் அதைச் சொல்லப் போனேன். அவள் பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். எமோஜோங் மாமா, அவருக்குப் பின்னால் ஒமூசே. எமோஜோங் மாமாவுக்கு மூன்று லாரி ஓடுகிறது. சோளம் இங்கிருந்து அங்கே, சிமெண்டு அங்கிருந்து இங்கே. அவருக்கு ரேட்டு தெரியும். எங்கள் பக்கம் அப்பாவும் ஊர்ச் சேர்மன் ஒதெகாயும். மரத்தடியில் கேழ்வரகு மதுப் பானை இருந்தது. உறிஞ்சிக் குடிக்கிற குழல்களை அப்பா கட்டாகவே வைத்திருந்தார், அவிழ்க்கவில்லை. தகராறு தீராமல் ஒரே பானையில் குழல் போட மாட்டார்கள்.

இந்த மாதிரிப் பேச்சில் பெண்கள் பின்னால் பாயில் உட்கார வேண்டும். நான் பாயில் உட்கார்ந்தேன். அக்கா தன் மடக்கு நாற்காலியை எடுத்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

எமோஜோங் மாமா பார்த்தார். "என்னம்மா, கடை போடப் போறியா?"

"ஆமா மாமா. வியாபாரம் பேசத்தானே வந்திருக்கீங்க."

சேர்மன் இருமினார். "ஆரம்பிப்போம். எண்பதாயிரம் கென்யா ஷில்லிங். இதுல யாருக்கும் தகராறு இல்லையே?"

"எண்ணிக்கையில தகராறு இல்ல," என்றார் எமோஜோங் மாமா. "மதிப்புலதான். கல்யாணத்தன்னிக்கு ரேட்டு முப்பத்தாறு. எண்பதாயிரம்னா உங்க பணத்துல இருபத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம். நாங்க குடுத்தது அந்த மதிப்பு. அதுதான் திரும்பி வரணும். உகாண்டா பணமாவே குடுத்துடுங்க, நாங்க மாத்திக்கிறோம்."

"அதை இன்னிக்கு ரேட்டுக்கு மாத்தினா கென்யாப் பணம் லட்சத்து இருபதாயிரம் வரும்," என்றாள் அக்கா. "எண்பது குடுத்துட்டு நூத்தி இருபதோட போறீங்க. உங்க லாரிகூட இவ்வளவு சம்பாதிக்காது மாமா."

"பொண்ணு நல்லாத்தான் கணக்குப் போடுது," என்று அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "பேச வேண்டியவங்க நாமதான் சம்பந்தி."

அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரமே அவர் சொல்லியிருந்தார், தாழ்வில் இருக்கிற நெல் நிலத்தை விற்றுக் கேட்டதைக் கொடுத்துவிடலாம் என்று. அக்கா விடவில்லை.

"அன்னிக்கு அந்த எண்பதாயிரத்துக்கு இங்க எத்தனை மாடு வாங்கியிருக்கலாம் தெரியுமா?" என்றார் எமோஜோங் மாமா. "இன்னிக்கு அதே எண்பதாயிரத்துக்கு எத்தனை? நீங்களே சொல்லுங்க சேர்மன். எங்க பணம் விழுந்தா எங்க மருமகளோட பரிசமும் விழணுமா?"

"உங்க பணம் விழுந்ததுக்கு நானா காரணம்?" என்றாள் அக்கா. "நைரோபியில போய்க் கேளுங்க. அது ஏறியிருந்தா இன்னிக்கு வந்து, வேண்டாம்மா, அன்னிக்கு மதிப்பு போதும்னு குறைச்சு வாங்கிட்டுப் போயிருப்பீங்களா?"

 ஒமூசே செருப்பு நுனியால் ஒரு எறும்பை வழிமறித்துக்கொண்டிருந்தான்.

சேர்மன் மெதுவாக, "பரிசத்தைத் திருப்பிக் கேக்கவே கூடாதுன்னு கம்பாலா கோர்ட்டு சொல்லியிருக்கு, அதையும் நான் சொல்லணும்," என்றார்.

"நாங்க கென்யாக்காரங்க," என்றார் எமோஜோங் மாமா.

"உக்காந்திருக்கிறது உகாண்டாவுல."

"அப்ப பிள்ளையைக் குடுங்க, அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கிறோம்."

"கோர்ட்டு வேண்டாம் சேர்மன்," என்றாள் அக்கா. "நான் திருப்பித்தான் குடுப்பேன். கோர்ட்டு தீர்ப்பைப் பிள்ளை கழுத்துல மாட்டி அனுப்ப முடியாது. நாளைக்கு அவ பள்ளிக்கூடத்து வாசல்ல யாரும் வந்து நின்னு, உன்னை இன்னும் எங்களுக்குத் தரல, வாடின்னு கூப்பிடக் கூடாது. அவங்க குடுத்ததைக் குடுப்பேன். குடுக்காததைக் குடுக்க மாட்டேன்."

அப்போதுதான் அப்பா எழுந்தார். வீட்டுக்குள் போனார். உள்ளே தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கையில் பாலித்தீனில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்து, எமோஜோங் மாமா முன்னால் விரித்திருந்த பாயில் வைத்துப் பிரித்தார்.

நோட்டுக் கட்டு. ரப்பர் வளையம் உருகி ஒட்டியிருந்தது.

"நீங்க குடுத்த பணம் இதுதான் சம்பந்தி. ஒரு நோட்டுகூட எடுக்கல. பையன் கல்யாணத்துக்குன்னு வெச்சேன். அவன் கம்பாலாவுல உக்காந்துகிட்டு கல்யாணமே வேண்டாங்கிறான். எடுத்துக்குங்க. ரேட்டெல்லாம் எதுக்கு? உங்க பணம், உங்க கைக்கே வருது."

பெண்ணுக்கு வந்த பரிசம் அவள் அண்ணனுக்குப் பரிசமாகப் போகும். அதுவரை தொடாமல் வைப்பது எங்கள் வழக்கம். மாட்டை வைத்திருக்கலாம். ஆனால் இவை பழைய ஆயிரம் ஷில்லிங் நோட்டுகள். 2019-ல் கென்யா அரசு அவற்றைச் செல்லாது என்று அறிவித்து, மாற்றிக்கொள்ள நாலு மாதம் கெடு கொடுத்தது. அக்கா அப்போது அந்தப் பக்கம் கைப்பிள்ளையோடு இருந்தாள். நான் கல்லூரியில் இருந்தேன்.

அக்கா கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கூரைத் தகரம் இந்தக் காசுல போட்டதுன்னு சொன்னீங்களே அப்பா?"

"அது பருத்திக் காசு."

"ரேடியோவுல சொன்னாங்களே. கேக்கலையா?"

"கேட்டேன். கடைக்காரங்களுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். இது கடைப் பணம் இல்லையே. சம்பந்தி குடுத்தது. குடுத்தவங்களுக்கு அவங்க பணத்தை அடையாளம் தெரியாமப் போயிடுமா?"

எமோஜோங் மாமா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் அடக்கினார், பிறகு விட்டுவிட்டார். தொடையில் தட்டிச் சிரித்தார், கண்ணில் நீர் வந்தது. "செத்த பணத்தைப் பெட்டியில வெச்சு அஞ்சு வருஷமாக் காவல் காத்திருக்காரு. இதை எங்க ஊர்க் கடையில குடுத்தா ஒரு தீப்பெட்டி தர மாட்டான் சம்பந்தி. ஒமூசே, பாருடா உன் மாமனாரை."

ஒமூசே பார்க்கவில்லை. அப்பா பாலித்தீனை மடித்துக்கொண்டே இருந்தார். சின்னதாக, இன்னும் சின்னதாக. எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. கட்டை எமோஜோங் மாமா மடியில் வைத்தாள்.

"வாங்கிக்குங்க மாமா."

"இதையா? போம்மா."

"ஏன்? நீங்க குடுத்ததுதானே?"

"குடுத்தோம். இப்ப செல்லாதே."

"கல்யாணத்தன்னிக்குச் செல்லுச்சா?"

"அன்னிக்குச் செல்லுச்சு. இன்னிக்குப் பேசு."

"சரி. இன்னிக்கே பேசுவோம்," என்றாள். "நீங்கதான் சொன்னீங்க. சேர்மன், கேட்டீங்கல்ல? இன்னிக்குன்னா இருபத்து நாலு."

அவர் சிரிப்பு நின்றது. "நான் நோட்டைச் சொன்னேன். ரேட்டைச் சொல்லல."

"நோட்டுக்கு ஒரு நாளு, ரேட்டுக்கு ஒரு நாளா? அன்னிக்கு ரேட்டு வேணும்னா அன்னிக்கு நோட்டை வாங்கிக்குங்க, முப்பத்தாறுக்குப் போட்டுக்குங்க, நான் குறுக்க வரல. இன்னிக்கு நோட்டு வேணும்னா இன்னிக்கு ரேட்டு. எந்த நாளுன்னு நீங்களே எடுங்க மாமா. ஆனா ஒரு நாளைத்தான் எடுக்கலாம்."

சேர்மன் தாடையைத் தேய்த்தார். சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

எமோஜோங் மாமா சுற்றிலும் பார்த்தார். என்மேல் கண் நின்றது. "அந்தா, படிச்ச பொண்ணு உக்காந்திருக்கு. நீ சொல்லும்மா அகிதெங். உங்க அக்கா பேசறது கணக்கா? ஒரு பொருளோட மதிப்புன்னா குடுத்தன்னிக்கு இருந்த மதிப்புதானே? புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

எல்லாரும் திரும்பினார்கள்.  அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார். கையில் அந்தப் பாலித்தீன் விரல் அளவுக்கு ஆகியிருந்தது.

"புஸ்தகத்துல பரிசம் பத்தி இல்ல மாமா," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் தண்ணி சோதிக்கிறேன். திங்கட்கிழமை எடுத்த தண்ணியையும் வெள்ளிக்கிழமை எடுத்த தண்ணியையும் கலந்து ஒரு அளவு எழுதினா, அது எந்த நாளுத் தண்ணியும் இல்ல. நீங்க கேக்கிற இருபத்தெட்டு லட்சமும் அப்படித்தான். எந்த நாளும் அப்படி ஒரு பணம் உங்க கையில இல்ல. அன்னிக்கு இருந்தது இந்தக் கட்டு. இன்னிக்கு வெச்சிருந்தாலும் இந்தக் கட்டுதான் இருக்கும்."

இவ்வளவு நான் வீட்டிலேயே பேசினதில்லை. உட்கார்ந்தபடி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க மாத்தியிருப்போம். கெடுவுக்குள்ள," என்றார் எமோஜோங் மாமா.

"மாத்தியிருப்பீங்க," என்றாள் அக்கா. "அப்பா மாத்தல. அது எங்க தப்பு, அந்த நஷ்டம் எங்களோடது. இதோ, எடுத்துக்கிட்டோம்." அவர் மடியிலிருந்து கட்டை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். "கென்யா பணம் விழுந்தது உங்க நஷ்டம். அதையும் என் தலையில வைக்காதீங்க."

 பக்கத்து வீட்டில் வேர்க்கடலை வறுக்கிற வாசனை வந்தது.

எமோஜோங் மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். "சரி. இன்னிக்கு. இன்னிக்கு நோட்டு, இன்னிக்கு ரேட்டு. ஆனா இன்னிக்குன்னா இன்னிக்குத்தான். நாளைக்கு, அடுத்த வாரம், சந்தை முடிஞ்சு, அதெல்லாம் இல்ல. பொழுது சாயறதுக்குள்ள எண்பதாயிரம் கென்யா பணம் இந்தப் பாய்க்கு வரணும். வங்கி மூடியாச்சு. வராட்டி பிள்ளையோட துணிமணியைக் கட்டுங்க."

அவர் கடைசியாக வைத்திருந்தது அதுதான். கையில் இருக்காது என்று நினைத்தார். எல்லையில் வெயிலில் உட்கார்ந்து நூறு இருநூறு மாற்றுகிறவளிடம் எவ்வளவு இருந்துவிடும்?

அக்கா பை ஜிப்பைத் திறந்தாள்.

எல்லாம் புது நோட்டு. ஆயிரம், ஐந்நூறு, இருநூறு, வெவ்வேறு கட்டுகள், காலையில் வாங்கியபடியே. அவர் கை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி ஒமூசே முன்னால் போய் நின்றாள்.

"நீ எண்ணு."

"பெரியப்பா எண்ணுவாரு," என்றான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை.

"என்னைக் கட்டினது அவரா?"

சேர்மன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒமூசே மண்டியிட்டு எண்ணினான். நடுவில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அக்கா நகரவில்லை.  இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டபோது அவளே குனிந்து பிரித்துக் கொடுத்தாள்.

"சரியா இருக்கு."

"அது இல்ல. மத்ததைச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

எமோஜோங் மாமா வாயைத் திறந்தார். "பிள்ளையோட விஷயம் குலம் பேச வேண்டியது. மூணரை வருஷம் சாப்பாடு போட்டிருக்கோம், அதுக்கும் ஒரு கணக்கு..."

"ஒமூசே," என்றாள் அக்கா.

அவன் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. "அலுபோ இங்கயே இருக்கட்டும்," என்றான்.

"இருக்கட்டும் இல்ல."

"இருப்பா. இங்கதான் இருப்பா." பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, கீழே பாயில் இருந்ததால் எனக்கும் கேட்டது, "பாக்க வரலாமா?" என்றான்.

அவள் யோசித்தாள். "தனியா வா. பகல்ல வா. இவரைக் கூட்டிட்டு வராத."

சேர்மன் எழுந்து, இரண்டு வீட்டுக்கும் கணக்குத் தீர்ந்தது, நான் சாட்சி என்று சொன்னார். அப்பா குழல் கட்டை அவிழ்த்தார். எமோஜோங் மாமா ஒரு குழலை வாங்கிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகப் பானையில் விட்டார். நல்ல மது, அதனால் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. அக்கா குடிக்கவில்லை. நாற்காலியை மடக்கிக்கொண்டு, அலுபோவைக் குளிப்பாட்ட வேண்டும் என்று போய்விட்டாள்.

அப்பா செத்த நோட்டுகளைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இன்னொருத்தங்க பணம். அடுப்புல போட முடியுமா?" என்றார்.

திங்கட்கிழமை அக்கா எல்லைக்குப் போனாள். கையில் முதல் இல்லை. பணம் மாற்ற வந்த ஆட்களைப் பிடித்து மற்றவர்களிடம் கூட்டிப் போய்விட்டு, அவர்கள் கொடுக்கிற சில்லறையை வாங்கிக்கொண்டாள். இடத்தை மட்டும் விடவில்லை. இரண்டு பேர் அவள் இடத்துக்கு நாற்காலியை நகர்த்திப் பார்த்தார்கள். அவள் அவர்கள் நாற்காலியைத் தூக்கி வெயிலில் வைத்தாள். சம்பளம் வந்ததும் நான் பாதியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "வட்டி கேக்காத," என்றாள்.

பிப்ரவரியில் கென்யப் பணம் ஏற ஆரம்பித்தது. அப்படி ஏறும் என்று எல்லையில் யாரும் நினைக்கவில்லை. இருபத்தைந்து, இருபத்தேழு. மார்ச் கடைசியில் இருபத்தொன்பது. எமோஜோங் மாமா அந்த எண்பதாயிரத்தை அப்படியே வைத்திருந்து இப்போது மாற்றினார், இருபத்து மூணு லட்சம் வாங்கினார் என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்துக் கடைகளில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

நான் மதியச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் ஒபுரா அக்காவிடம் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை, வாய் சும்மா இருக்காது.

"அபொலோட், நீ அன்னிக்கு இருபத்து நாலுக்கு வாங்கின எண்பதை ரெண்டு மாசம் கையில வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? நாலு லட்சம் லாபம். உக்காந்த இடத்துல. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே, சொல்லு பாப்போம்."

அக்கா களியைப் பிட்டுக் குழம்பில் தொட்டாள். அலுபோவின் பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவளைக் கூட்டி வர வேண்டும்.

"தெரிஞ்சிருந்தா சனிக்கிழமை வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமையே குடுத்திருப்பேன்," என்றாள்.

பிறகு நைரோபி பஸ் வந்து நின்றது. அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.